பன்னிரண்டாம் தொட்டி

ஜனவரி 6, திங்கள்

காலையில் நல்ல மனநிலையில்தான் இருந்தேன். ஹாஸ்டல் இட்லி மெத்தென்று இருந்தது, சட்னியில் உப்பு அளவாக இருந்தது. அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு லேப் மீட்டிங். ஏப்ரலில் ரிவ்யூ கமிட்டி வருகிறது. அவர்கள் முன்னால் பேச வேண்டியதை இன்று எங்கள் ஆட்களிடம் பேசிக் காட்டினேன். பாறை இடுக்கில் முளைக்கும் ஒரு காட்டுப் புல்லிலிருந்து மரபணுவை எடுத்து நெல்லில் சேர்த்திருக்கிறோம். செடிக்குத் தாகம் எடுத்தால் அது விழித்துக்கொள்ள வேண்டும், மற்ற நேரம் தூங்க வேண்டும். எங்கள் செடிக்கு வ-7 என்று பெயர். தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் கழித்து எடுத்த படத்தைத் திரையில் போட்டேன். இடது பக்கத் தொட்டிகளில் தாய் ரகம், அதாவது மரபணு சேர்க்காத சாதாரண நெல், வைக்கோலாகக் கிடக்கிறது. வலது பக்கத் தொட்டிகளில் வ-7 பச்சைப்பசேல் என்று நிற்கிறது. என் கைடு வைதேகி மேடம் கைதட்டினார்கள். அவர்கள் லேசில் கைதட்டுகிற ஆள் இல்லை.

அப்போது பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. சென்னியப்பன். பிஎச்.டி. முடித்துவிட்டு நவம்பரில் வந்து சேர்ந்த போஸ்ட்டாக். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். இத்தனை நாள் வாயைத் திறந்ததில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க செடி தாய் ரகத்தை விடச் சின்னதா இருக்குதுங்களே?"

"ஆமா, கொஞ்சம் குட்டை. அதுக்கென்ன?"

"சின்னச் செடி கம்மியாத்தானுங்க குடிக்கும். அப்ப அந்தத் தொட்டியில ஈரம் மிச்சம் இருக்குமில்லீங்க? அது வறட்சியைத் தாங்கி நிக்குதா, இல்ல அதுக்கு இன்னும் வறட்சியே வரலீங்களா?"

மேடம் கைதட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். "பாத்துச் சொல்றேன்" என்று நான் உட்கார்ந்துவிட்டேன்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். இந்த ஓணான் தானே நடந்து வந்து ஏறுகிறது. முப்பத்துநாலு வயதில், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, கோவில்பட்டியிலிருந்து கோயம்புத்தூருக்குப் பெட்டி தூக்கி வந்தவள் நான். மூன்று வருடம். அந்தப் படம்தான் என் தீசிஸ். அது போனால் எனக்கு வேறொன்றும் இல்லை.

ஜனவரி 7, செவ்வாய்

தலைவலி. அந்த ஆள் கேன்டீனில் "வணக்கமுங்க" என்றார். காது கேட்காத மாதிரி போய்விட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

பொறாமை பிடித்த கேள்வி, அதற்குப் பதிலே தேவையில்லை என்று நேற்று முடிவு செய்திருந்தேன். இன்று காலையில் யாரும் வருவதற்கு முன்னால், செடி வளர்க்கும் கிளாஸ்ஹவுஸுக்குப் போனேன். போன வாரம் தண்ணீர் நிறுத்திய சில தொட்டிகள் மீதம் இருந்தன. சும்மா ஒரு பார்வைக்குத் தராசில் தூக்கி வைத்தேன்.

வ-7 நிற்கும் தொட்டிகள் கனமாக இருந்தன. எல்லாமே. தராசு பழுதாக இருக்கலாம் என்று மாடித் தராசை இறக்கிக்கொண்டு வந்தேன். அதிலும் கனம். மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். ஈரம் ஒட்டியது. தாய் ரகத் தொட்டியில் விரல் இறங்கவே இல்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. ஆனாலும் இன்று ஒருவரிடமும் சொல்லவில்லை. ஹாஸ்டலுக்கு வந்து ஒரு வாளி துணி துவைத்தேன். துவைக்கத் தேவையில்லாததையும் துவைத்தேன்.

ஜனவரி 11, சனி

சொல்லிவிட்டேன். கேன்டீனில் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்து, "நீங்க சொன்னது சரிதான். தொட்டி கனமா இருக்கு. இப்ப சந்தோஷமா?" என்று கேட்டேன்.

அவர் சந்தோஷப்படவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்துவிட்டு, "எனக்கு என்னங்க சந்தோஷம்? கமிட்டியில யாராச்சும் கேட்டுப்போட்டா நீங்க தனியா நிப்பீங்களேன்னுதான் இங்கயே கேட்டேன்" என்றார்.

"இப்ப என்ன செய்யணும்ங்கிறீக?"

"ரெண்டையும் ஒரே தொட்டியில வெச்சுப் பாக்கலாமுங்க. ஒரே மண்ணு, ஒரே ஈரம். ஒண்ணுக்கு வறண்டா இன்னொண்ணுக்கும் வறண்டுதானே ஆகணும்? அப்பவும் உங்க செடி நின்னுதுன்னா, அதுக்கப்புறம் எவனும் கேள்வி கேக்க முடியாதுங்க."

யோசித்துப் பார்த்தால் எளிமையான விஷயம். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று ஆத்திரமாக வந்தது. மேடத்திடம் போய்ச் சொன்னோம். அவர்கள் காலண்டரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி காலண்டரைப் பார்த்தார்கள். "ஏப்ரலுக்குள்ள முடியும்னா செய்யுங்க. முடியலைன்னா பழைய படத்தையே காட்டு" என்றார்கள்.

பழைய படத்தை இனி எப்படிக் காட்டுவது? கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியாகிவிட்டது. பூதத்தை மறுபடி கிணற்றுக்குள் அனுப்ப முடியாது.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

ஊருக்குப் போகவில்லை. விதை ஊறப் போட வேண்டும், மண்ணை அவித்து ஆற வைக்க வேண்டும். அம்மா போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி செண்பகம், பொங்கலுக்குக்கூட வராம அங்க என்னத்தப் புடுங்குத?"

"இன்னும் நடவே இல்லம்மா, எங்கிட்டுப் புடுங்க?"

அதற்கு அவள் சிரிக்கவில்லை. சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கும் ஒருவருக்குப் பெண் பார்க்கிறார்களாம். நல்ல குடும்பமாம். ஜாதகம் கேட்கிறார்களாம். கொடுத்துத் தொலை என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு வாயை அடைக்க வேண்டுமே.

மதியம் சென்னியப்பன் கோபியிலிருந்து பஸ் ஏறி வந்தார், கையில் தூக்குச்சட்டியோடு. பண்டிகை நாளில் இவருக்கு இங்கே என்ன வேலை என்று தெரியவில்லை. "அம்மா குடுத்துவிட்டாங்க" என்றார். கிளாஸ்ஹவுஸுக்குள் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாது. உள்ளே போகிற செருப்பு வேறு, கோட்டு வேறு, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். அதனால் வாசலில் செங்கல் மேல் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் தின்றோம். உள்ளே வேலை பார்க்கும் ரங்கம்மா அக்காவும் வந்து உட்கார்ந்துகொண்டது. முந்திரி அதிகம் போட்டிருந்தார்கள். அவர் தன் பங்கு முந்திரியைப் பொறுக்கி மூடியில் வைத்துவிட்டு, "எனக்கு ஆகாதுங்க, நீங்க எடுத்துக்கங்க" என்றார்.

ஜனவரி 22, புதன்

வ-7 விதையைப் போன வாரமே முளைக்க விட்டோம். இன்று தாய் ரகத்தை விதைத்தோம். குட்டைச் செடிக்கு ஆறு நாள் முன்பே தொடக்கம் கொடுத்தால் தண்ணீர் நிறுத்தும் நாளில் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும். அப்போது எது எங்கள் செடி, எது சாதாரணச் செடி என்று எனக்கே தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் விஷயம். தெரிந்தால் கண் ஏமாற்றும். பெற்றவளுக்குத் தன் பிள்ளைதான் அழகு.

பிப்ரவரி 9, ஞாயிறு

நட்டாகிவிட்டது. இருபது தொட்டி. ஒவ்வொன்றிலும் இரண்டு செடி, ஒன்றின் பக்கத்தில் நீலக் குச்சி, மற்றதன் பக்கத்தில் மஞ்சள் குச்சி. எந்தத் தொட்டியில் எந்தக் குச்சி வ-7 என்பதைச் சென்னியப்பன் ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தார். நான் திரும்பி நின்றுகொண்டேன். விவரத்தை உறையில் போட்டு ஒட்டி மேடத்திடம் கொடுத்துவிட்டார். இனி அவருக்கும் மேடத்தின் பீரோவுக்கும் மட்டும்தான் தெரியும்.

"கெஞ்சுனாலும் சொல்ல மாட்டனுங்க."

"நான் ஏன் கெஞ்சப் போறேன்?"

ரங்கம்மா அக்கா தொட்டிகளைப் பார்த்துவிட்டு, "ஒரே தொட்டியில ரெண்டு பேரு. குடித்தனம் மாதிரி" என்றது. சென்னியப்பன் குனிந்து தேவையில்லாமல் ஒரு குச்சியை நேராக்கினார்.

பிப்ரவரி 20, வியாழன்

ஹாஸ்டல் மோட்டார் பழுது. ஒரு வாளித் தண்ணீரில் குளியல், துவையல், எல்லாம். வார்டன் அம்மா "நீங்கல்லாம் வறட்சி ஆராய்ச்சிதானே, அனுசரிச்சுக்கங்க" என்கிறார். நல்ல வாய்.

செடிகள் நன்றாக இருக்கின்றன. பன்னிரண்டாம் தொட்டி கதவுக்கு நேரே இருப்பதால் காலையில் என் கண்ணில் முதலில் படுவது அதுதான். அதில் இரண்டுமே திடமான செடிகள். எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம், விஞ்ஞானத்துக்கு ஒத்துவராத பிரியம்.

மார்ச் 3, திங்கள்

இன்று தண்ணீர் நிறுத்தினோம். நெல்லைத் தண்ணீர் இல்லாமல் நிறுத்துவது பாவம் மாதிரி இருக்கிறது. எத்தனை முறை செய்தாலும் முதல் நாள் அப்படித்தான் இருக்கும். தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியையும் எடை பார்க்க வேண்டும். எடை குறைந்தால் ஈரம் குறைகிறது என்று கணக்கு. திங்கள் முதல் சனி வரை நான். ஞாயிறு மட்டும் சென்னியப்பன், நான் தலைக்குக் குளிக்க வேண்டும் என்பதால்.

மார்ச் 8, சனி

இலை சுருள ஆரம்பித்துவிட்டது. நெல்லுக்குத் தண்ணீர் போதாவிட்டால் இலையைப் பாய் சுருட்டுகிற மாதிரி நீளவாக்கில் சுருட்டிக்கொள்ளும், வெயில் படும் இடத்தைக் குறைக்க. பிறகு மூச்சுவிடும் துளைகளை மூடும். அதற்கும் மேலே போனால் தலை தொங்கும். வ-7 என்றால் இதெல்லாம் தாமதமாக நடக்க வேண்டும்.

ஒவ்வொரு தொட்டியாகப் பார்த்துக்கொண்டே போனேன். நீலம் சுருண்டிருந்தால் மஞ்சளும் சுருண்டிருக்கிறது. அடுத்ததிலும் அப்படியே. அதற்கு அடுத்ததிலும். பன்னிரண்டுக்கு வந்தேன். என் செல்லத் தொட்டி. இரண்டும் கூட்டாகச் சுருண்டு நிற்கின்றன.

பக்கத்தில் சென்னியப்பன் நின்றார். அவருக்கு எது எது என்று தெரியும். முகத்தைப் பார்த்தால் ஏதாவது தெரியுமா என்று பார்த்தேன். அவர் மேலே காற்றாடியைப் பார்த்தார்.

"பன்னிரண்டுலயும் ரெண்டும் சேந்து விழுந்துதுன்னா, நான் இந்தப் பொழப்பையே விட்டுட்டு ஊருக்குப் போய் அம்மா கூட உக்காந்து தீப்பெட்டி ஒட்டப் போறேன்" என்றேன். சும்மா சொல்லவில்லை. அந்த நேரத்தில் நிஜமாகவே நினைத்துச் சொன்னேன்.

"அப்புடியெல்லாம் பேசாதீங்க" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். தூங்கினேன். அம்மா போன்: ஜாதகம் பொருந்தியிருக்கிறதாம். "சரி பாப்போம்" என்றேன். மனசு இங்கே இல்லை.

மார்ச் 10, திங்கள்

எல்லாத் தொட்டியும் எடை குறைந்திருக்கிறது, பன்னிரண்டைத் தவிர. அது சனிக்கிழமை இருந்ததை விடக் கொஞ்சம் கூடியிருக்கிறது. தராசைத் துடைத்து மறுபடி வைத்தேன். அதேதான்.

சென்னியப்பனிடம் சொன்னேன். "குளிர்விக்கிற பேடுல இருந்து சொட்டியிருக்குமுங்களோ?" என்றார். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். தண்ணீர் ஓடி உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் அந்தப் பேடு எதிர்ப் பக்கச் சுவரில் இருக்கிறது. பன்னிரண்டாம் தொட்டி வரை சொட்ட வேண்டுமானால் அந்தச் சொட்டுக்குச் சிறகு முளைக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

காலையில் கதவைத் திறந்தேன். பன்னிரண்டாம் தொட்டி பச்சையாக, நிமிர்ந்து நின்றது. மற்றப் பத்தொன்பதும் தலை தொங்கிக் கிடந்தன.

நின்றுவிட்டது, என் செடி நின்றுவிட்டது என்று வாய்விட்டே சொன்னேன். ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். நீலக் குச்சிச் செடி நிமிர்ந்து நிற்கிறது. மஞ்சள் குச்சிச் செடியும் நிமிர்ந்து நிற்கிறது.

இரண்டும்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டில் ஒன்று தாய் ரகம். அதற்கு மரபணுவும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. அதுவும் நிற்கிறது என்றால் மரபணு நிறுத்தவில்லை, தண்ணீர் நிறுத்தியிருக்கிறது. யாரோ ஊற்றியிருக்கிறார்கள். தனித்தனித் தொட்டியாக இருந்து, யாரோ வ-7 தொட்டிக்கு மட்டும் ஊற்றியிருந்தால், நான் இந்நேரம் லட்டு வாங்கி ஊருக்கெல்லாம் கொடுத்திருப்பேன்.

மார்ச் 13, வியாழன்

சாவி வைத்திருப்பவர்கள் மூன்று பேர். நான், சென்னியப்பன், ரங்கம்மா அக்கா. நான் ஊற்றவில்லை. சென்னியப்பன் ஊற்றுவாரா? ஒரு சொட்டு ஈரத்துக்காக என் மூன்று வருடத்தையே கேள்வி கேட்ட மனுஷன். ஆகையால் ரங்கம்மா அக்காவைக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அது கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தது. "அம்மிணி, நான் பாவம் பாத்து ஊத்தறதுன்னா இருவது தொட்டிக்கும் ஊத்துவேன். எனக்கு எல்லாம் ஒண்ணுதான். ஒரே ஒரு தொட்டிக்கு மட்டும் ஊத்துனவன் வேற ஆளு."

"அப்ப யாரு?"

"என்னைக் கேட்டா? நீங்கதான் படிச்சவீங்க" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டது.

மேடத்திடம் சொல்ல வேண்டியதாயிற்று. எடை கூடியதை மறைக்க முடியாது. நாளை காலையில் எல்லாரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மார்ச் 14, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேடம் அறையில் நான், சென்னியப்பன், ரங்கம்மா அக்கா. மேடம் நேரே விஷயத்துக்கு வந்தார்கள். "ரங்கம்மா, இந்தச் சோதனை முடியற வரைக்கும் சாவியைக் குடுத்துடு. வெளி வேலையைப் பாரு. உள்ள வர வேண்டாம்."

ரங்கம்மா அக்கா இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தது. முடிச்சு இறுகியிருந்தது, அவிழ நேரமாயிற்று. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன்.

"மேடம், நானுங்க" என்றார் சென்னியப்பன்.

"என்ன நீங்க?"

"ஊத்துனது நானுங்க. ஞாயித்துக்கிழமை. என்ற பாட்டில்ல இருந்து கொஞ்சம். அந்தக்கா மேல ஒரு தப்பும் இல்லீங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்கள். "நீங்களா? ஒரே தொட்டி வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன நீங்களா? எதுக்கு?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பன்னெண்டுல ரெண்டும் விழுந்துட்டா அவங்க ஊருக்குப் போயிருவேன்னு சொன்னாங்க."

"அட என்ற சாமி!" என்று ரங்கம்மா அக்கா கன்னத்தில் கை வைத்தது. அவிழ்த்த சாவியைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டது. மேடம் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த பூச்சி அட்டவணையைப் படித்தேன்.

"பன்னிரண்டாம் தொட்டியைச் சோதனையிலேர்ந்து நீக்கு. மிச்சம் பத்தொன்பதுக்கும் இன்னிக்கே தண்ணி விடுங்க, எது பிழைக்குதுன்னு பாக்கலாம். இப்ப எல்லாரும் வெளிய போங்க" என்றார்கள். கதவைச் சாத்தும்போது உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வராந்தாவில் அவரிடம் கத்தினேன்.

"என் ஆராய்ச்சியைக் காப்பாத்த வந்தீகளா, கெடுக்க வந்தீகளா?"

"மன்னிச்சுக்கங்க."

"மன்னிப்பை வச்சு நான் என்ன செய்ய? உங்க இரக்கத்தை நான் கேட்டேனா?"

கேட்கவில்லைதான். தீப்பெட்டி ஒட்டப் போகிறேன் என்று சொன்னது மட்டும்தான் நான்.

சாயங்காலம் ரங்கம்மா அக்காவைத் தேடிப் போனேன். அம்மா கொடுத்தனுப்பிய கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை, நான் யாருக்கும் கொடுக்காமல் ஒளித்து வைத்திருந்ததை, அப்படியே கையில் கொடுத்து, "தப்பா நினைச்சுட்டேன்க்கா, மன்னிச்சுருங்க" என்றேன். பொட்டலத்தைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "உங்க மேல எனக்குக் கோவமில்ல கண்ணு. ஆனா அந்தத் தம்பிய நெம்பப் போட்டு வாட்டாதீங்க. பாட்டில் தண்ணிக்கு இத்தன தண்டனை ஆகாது" என்றது.

மார்ச் 17, திங்கள்

சென்னியப்பனோடு பேசுவதில்லை. கேன்டீனில் டீ நன்றாகவே இல்லை. மாஸ்டரை மாற்றிவிட்டார்களா என்று கேட்டேன். மாற்றவில்லையாம்.

மார்ச் 24, திங்கள்

இன்று உறையைப் பிரித்தோம்.

தண்ணீர் விட்டபின் சில செடிகள் துளிர்த்தன, சில போய்விட்டன. நான் நீலம், மஞ்சள் என்று படித்தேன். மேடம் உறையிலிருந்த தாளைப் பார்த்து வ-7, தாய் ரகம் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சுருண்டது ஒரே நாளில். தொங்கியது ஒரே நாளில். பிழைத்ததிலும் பாதிக்குப் பாதி. ஒரே மண்ணில், ஒரே ஈரத்தில் வைத்தால் என் செடிக்கும் சாதாரணச் செடிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. காட்டுப் புல்லின் மரபணு விழித்ததோ தூங்கியதோ, நெல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அது குட்டையாக இருந்தது, குறைவாகக் குடித்தது. அவ்வளவுதான்.

மேடம் தாளை மடித்து உறைக்குள் திரும்பப் போட்டார்கள். "மூணு வருஷம்" என்றார்கள். பிறகு, "வயல்ல கொண்டுபோய் நட்டுட்டு இதைக் கண்டுபிடிச்சிருந்தா இன்னும் அஞ்சு வருஷம் போயிருக்கும். எழுது. இப்படியே எழுது" என்றார்கள்.

நான் அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழுகை வரவில்லை, பசி வந்தது. ஜனவரியிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கிவிட்டது போலிருக்கிறது. மெஸ்ஸில் மூன்றாம் முறை சாதம் கேட்டபோது பரிமாறுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தட்டைக் கழுவப் போகும்போது சென்னியப்பன் எதிரே வந்தார். ஒதுங்கி வழிவிட்டார். எனக்கு அவர்மேல் கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். இருந்தது, ஆனால் வைத்த இடத்தில் இல்லை.

"ஸ்லைடு போடணும். நாளைக்கு வந்து கூட உக்காருங்க" என்றேன்.

"வர்றனுங்க" என்றார். நான் முடிக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 9, புதன்

ரிவ்யூ முடிந்தது. பச்சைப்பசேல் படத்தை முதலில் காட்டினேன். கமிட்டிக்காரர்கள் தலையாட்டினார்கள். பிறகு, "இந்தப் படம் பொய் சொல்லவில்லை. ஆனால் நாம் நினைத்ததை அது சொல்லவில்லை" என்று ஒரே தொட்டிப் படங்களைப் போட்டேன்.

ஒரு பெரியவர், "பன்னிரண்டாம் தொட்டியை ஏன் நீக்கினீங்க?" என்று கேட்டார்.

"யாரோ தண்ணீர் ஊற்றியிருந்தார்கள் சார். ஒரே தொட்டியில் இரண்டு செடி என்பதால்தான் அது தெரிந்தது. இரண்டும் சேர்ந்து நிமிர்ந்துவிட்டன. தனித்தனித் தொட்டியாக இருந்திருந்தால் அதை வெற்றி என்று நினைத்திருப்போம்."

"ஊத்தினது யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரிந்தது சார். எங்கள் குழுவில் ஒருவர். வேண்டுமென்று கெடுப்பதற்காகச் செய்யவில்லை."

பின்வரிசையில் ஒருவர் நாற்காலிக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தார். பெரியவர் மேற்கொண்டு கேட்கவில்லை. மற்ற லேப்களில் தாகம் தாங்கும் என்று வைத்திருக்கும் செடிகளையும் இதே மாதிரி ஒரே தொட்டியில் வைத்துச் சோதித்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றேன். என் தீசிஸுக்கு வேறு தலைப்பு வந்துவிட்டது, அவ்வளவுதான். இன்னும் ஒரு வருடம் இங்கேதான். தீப்பெட்டிக்கு இப்போதைக்கு ஆள் தேவையில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

பிழைத்த செடிகளில் கதிர் வந்து பால் பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் இந்த நெல் ஒரு மணிகூட வெளியே போகக் கூடாது. சட்டம் அப்படி. வேரோடு பிடுங்கி, பையில் கட்டி, அவித்து, எரிக்க வேண்டும். நானும் சென்னியப்பனும்தான் செய்தோம். பன்னிரண்டாம் தொட்டியைக் கடைசியாக வைத்திருந்தேன். அதில்தான் கதிர் நன்றாக இருந்தது, தின்ற கொழுப்பு. இரண்டு செடியின் வேரும் பின்னிப் போயிருந்தது. எது நீலத்தின் வேர், எது மஞ்சளின் வேர் என்று பிரிக்க முடியவில்லை. சேர்த்தே பையில் போட்டேன்.

ஒரு மாதமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டேன். "உண்மையைச் சொல்லுங்க. எது வ-7னு உங்களுக்குத் தெரியும். அதுக்குத்தான ஊத்துனீக?"

"ஆமாங்க. மஞ்சக் குச்சிக்கு. அதும் தூருல பாத்து ஊத்துனேன்."

"ஒரே தொட்டியில ஊத்துனா ரெண்டும் குடிக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அந்த யோசனையே உங்களோடதுதான?"

பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். காது மடலெல்லாம் சிவந்துவிட்டது.

"தெரியுமுங்க" என்றார். "ஊத்திப்போட்டுத்தான் ஞாபகம் வந்துச்சு."

நான் சிரித்த சிரிப்பில் ரங்கம்மா அக்கா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தது.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை ஒன்று

காலையில் அம்மாவுக்கு நானே போன் போட்டேன். சிவகாசிக் காலண்டர்காரர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடச் சொன்னேன்.

"ஏட்டி, நல்ல நாளும் அதுவுமா! பொருத்தமெல்லாம் பாத்தாச்சே. காரணம் கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

"இங்க ஒருத்தரு இருக்காரும்மா. கோபிக்காரரு."

"என்ன படிச்சிருக்காரு?" என்றாள்.

"நிறையப் படிச்சிருக்காரு. இந்த லேப்பிலேயே அவருக்குத்தான் மூளை ஜாஸ்தி."

"அப்புறமென்ன?"

"எனக்காக அதை ஒரு நாள் தொலைச்சுட்டாரு."